புரோக்கருக்கு எதற்குக் கமிஷன்? வீட்டுத் தரகரின் வேலை பற்றி ஓர் எளிய விளக்கம்

"ரெண்டு வீட்டைத் திறந்து காட்டினாரு. அதுக்கு அம்பத்தெட்டாயிரமா?"

பத்திரப்பதிவு முடிந்த அன்று ராத்திரி எங்கள் வீட்டில் இந்தப் பேச்சு வந்தது. வீடு வாங்கிய பல வீடுகளில் வந்திருக்கும். நான் இரண்டு முறை தரகரோடு பழகியிருக்கிறேன். கும்பகோணத்தில் அப்பா கட்டிய வீட்டை விற்றபோது ஒரு முறை. அந்தப் பணத்தோடு வங்கிக் கடனும் சேர்த்து, தாம்பரம் பக்கம் ஏழு வருடம் பழைய ஃபிளாட் ஒன்றை வாங்கியபோது மறு முறை. முதல்முறையாக வீடு வாங்கவோ விற்கவோ போகிறவர்களுக்கு, தரகர் எதுவரை உதவுவார், எங்கே நாமே பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதை அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

விற்க ஒருவர் இருக்கிறார், வாங்க ஒருவர் இருக்கிறார். இருவரையும் சேர்த்துவைத்து, விலை பேசி, பத்திரம் பதிவாகும்வரை கூடவே ஓடுபவர் தரகர். வியாபாரம் முடிந்தால்தான் அவருக்குக் காசு. முடியாவிட்டால் ஆறு மாத அலைச்சலுக்கும் பெட்ரோலுக்கும் ஒன்றும் கிடையாது. இதை மனதில் வைத்துக்கொண்டால் அவர் எதற்காக ஓடுகிறார், எதைச் சொல்லாமல் விடுகிறார், ஏன் சில நேரம் அவசரப்படுத்துகிறார் என்பதெல்லாம் தானாகவே புரியும்.

தரகர்களில் பல வகை உண்டு. ஏரியா புரோக்கர் என்பவர் நாலைந்து தெருக்களைக் கையில் வைத்திருப்பவர். எந்த வீடு எப்போது காலியாகும், எந்தக் குடும்பத்தில் பாகப்பிரிவினை நடக்கிறது என்றெல்லாம் அவருக்குத் தெரியும். ஆபீஸ் போட்டு நான்கு பேரை வேலைக்கு வைத்து நடத்துபவர்கள் அடுத்த வகை. பில்டர்களின் புது ஃபிளாட்டுகளை விற்றுத் தருபவர்களும் இருக்கிறார்கள். இவர்களுக்குப் பெரும்பாலும் பில்டரே கமிஷன் கொடுத்துவிடுவார். "உங்களுக்குச் செலவே இல்லை சார்" என்று அவர்கள் சொல்வதன் பொருள், அவர்கள் பில்டருக்காக வேலை பார்க்கிறார்கள் என்பதுதான். மேஜிக்பிரிக்ஸ், 99ஏக்கர்ஸ் மாதிரியான இணையதளங்களை அறிவிப்புப் பலகையாக நினைத்துக்கொள்ளலாம். அதில் இருக்கும் எண்ணுக்குப் போன் போட்டால் பாதி நேரம் எடுப்பவர் ஒரு தரகர்தான்.

விற்பவருக்கு அவர் செய்வது

முதல் வேலை விலை. நாம் கட்டிய வீடு என்றால் அதன் விலை நம் மனதில் எப்போதும் கூடுதலாகத்தான் இருக்கும். தேக்குக் கதவு, அப்பா நின்று போட்ட தளம் எல்லாம் கணக்கில் சேர்ந்துவிடும். தரகருக்கு அந்தப் பாசம் கிடையாது. பக்கத்துத் தெருவில் போன மாதம் சதுர அடி என்ன விலைக்குப் போனது என்பதுதான் அவருக்குக் கணக்கு. வெளியே சொன்ன விலை ஒன்று, முடிந்த விலை ஒன்று என்பதையும் அவர் அறிவார். அரசு வைத்திருக்கும் வழிகாட்டி மதிப்பைத் தமிழ்நாடு பதிவுத்துறையின் இணையதளத்தில் யாரும் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் அது முத்திரைத் தீர்வை கணக்கிட வைத்த மதிப்பு. ஊருக்குள் நிஜமாக ஓடும் விலை வேறாக இருக்கும்.

அடுத்தது ஆள் கொண்டுவருவது. வேடிக்கை பார்க்க வருகிறவர்களையும் கையில் பணமோ கடன் தகுதியோ உள்ளவர்களையும் பிரித்தெடுப்பதுதான் இதில் பாடு. நாம் வெளியூரில் இருந்தால் சாவியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு முறையும் திறந்து காட்டுவதும் அவர்தான்.

ஆனால் கும்பகோணத்துத் தரகர் எங்களுக்குச் செய்த பெரிய உதவி வேறு. அவர் முதல் நாள் வந்து திண்ணையில் உட்கார்ந்தார். பத்திரத்தை வாங்கிப் புரட்டினார். வாரிசுச் சான்றிதழைப் பார்த்தார். அதில் அம்மா, நான், தங்கை என்று மூன்று பெயர். பிறகு என்னைப் பார்த்து, "தம்பி, அப்பா தவறினப்போ பாட்டி இருந்தாங்களா?" என்று கேட்டார்.

இருந்தார்கள். அப்பா 2016-ல் போனார், பாட்டி 2019-ல் போனார்.

"அப்போ சித்தப்பா, அத்தை கையெழுத்தும் வேணும்" என்றார்.

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. அப்பா தன் சம்பாத்தியத்தில் வாங்கிய மனையில் அத்தைக்கு என்ன பங்கு என்று தோன்றியது. வக்கீலிடம் கேட்டபோதுதான் விளங்கியது. 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் ஓர் ஆண் இறந்தால் மனைவி, மகன், மகளோடு அவருடைய அம்மாவும் முதல் நிலை வாரிசு. ஆக, அப்பாவின் வீட்டில் பாட்டிக்குக் கால் பங்கு வந்திருக்கிறது. பாட்டியும் உயில் எழுதாமல் போனதால், அந்தக் கால் பங்கு அவருடைய மூன்று பிள்ளைகளின் வழியில் பிரிகிறது. எங்கள் அப்பா வழிப் பங்கு எங்களுக்கு வரும். மற்ற இரண்டும் சித்தப்பாவுக்கும் அத்தைக்கும். கணக்குப் போட்டால் வீட்டில் ஆறில் ஒரு பங்கு அவர்கள் இருவருக்கும் சேர்ந்தது. இதைக் கவனிக்காமல் நாங்கள் விற்றிருந்தால், வாங்கியவர் ஒரு நாள் கடன் கேட்டு வங்கிக்குப் போகும்போது விஷயம் வெடித்திருக்கும்.

சித்தப்பாவும் அத்தையும் முகம் சுளிக்காமல், தங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தார்கள். அது எங்கள் கொடுப்பினை. ஆனால் வாங்க ஆள் வந்து அட்வான்ஸ் கொடுத்த பிறகு போய்க் கேட்பதற்கும் முன்கூட்டியே போய்க் கேட்பதற்கும் எவ்வளவு வித்தியாசம் என்று குடும்பச் சொத்து விற்றவர்களுக்குத் தெரியும். அந்தத் தரகர் சட்டம் படித்தவர் இல்லை. இதே மாதிரி சிக்கலில் எத்தனையோ வியாபாரம் நின்றுபோனதைப் பார்த்தவர். அனுபவமுள்ள தரகருக்கு நாம் கொடுக்கும் காசில் பெரும்பங்கு இந்த மோப்பத்துக்குத்தான்.

வீட்டை விற்க நினைப்பவர்கள் தரகரைக் கூப்பிடும்போதே தாய்ப்பத்திரம், உங்கள் பெயரில் பட்டா, வில்லங்கச் சான்று, வீட்டு வரி ரசீது, அனுமதி பெற்ற கட்டட வரைபடம் எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் எடுத்து வையுங்கள். ஜெராக்ஸ் மட்டும் கொடுங்கள். அசல் உங்கள் கையை விட்டுப் போகக்கூடாது.

வாங்குபவருக்கு அவர் செய்வது

வீடு காட்டுவது வெளியே தெரியும் வேலை. அதற்கு முன்னால், நாம் என்ன கேட்கிறோம் என்பதை நமக்கே தெளிவாக்குவது அவர் செய்யும் முதல் உதவி. "ரயில்வே ஸ்டேஷனுக்கு நடக்கிற தூரம், ரெண்டு பெட்ரூம், கார் பார்க்கிங், அம்பதுக்குள்ள" என்று நான் சொன்னபோது தாம்பரத்துத் தரகர், "நாலுல மூணு கிடைக்கும் சார், எதை விடலாம்னு சொல்லுங்க" என்றார். மூன்று வாரம் அலைந்த பிறகு விலையைத்தான் விட்டோம்.

அந்த ஏரியாவைப் பற்றிய தகவல் அடுத்தது. போர் தண்ணீர் உப்பா, லாரித் தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வாங்குகிறார்கள், அசோசியேஷனில் சண்டை உண்டா, மழைக்குத் தெருவில் தண்ணீர் நிற்குமா என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். எல்லாவற்றையும் சொல்வாரா என்றால், கேட்டதற்குத்தான் பதில் வரும். சில சமயம் அதுவும் பாதிதான் வரும். முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் 2015 டிசம்பர் வெள்ளத்தில் தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது என்பதை விற்பனைக்கு வீடு காட்டுகிறவர் தானாகச் சொல்லமாட்டார். தெருமுனை மளிகைக் கடைக்காரர் சுவரில் கை வைத்தே காட்டுவார். ஆகவே தரகரோடு ஒரு முறை பாருங்கள். பிடித்திருந்தால் அவர் இல்லாமல் இன்னொரு முறை, முடிந்தால் மழை பெய்த மறுநாள் போய், வாட்ச்மேனிடமும் பக்கத்து வீட்டு அம்மாவிடமும் இரண்டு வார்த்தை பேசிவிட்டு வாருங்கள்.

ஃபிளாட் என்றால் இரண்டு எண்களைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். சுவர்களுக்குள்ளே நாம் நடமாடும் இடம், அதாவது கார்பெட் ஏரியா எவ்வளவு என்பது ஒன்று. படிக்கட்டு, லிஃப்ட், வராண்டா எல்லாம் சேர்த்த பெரிய எண்ணைச் சொல்லித்தான் விலை பேசுவார்கள், அதனால் இது முக்கியம். யுடிஎஸ் எனப்படும் பிரிக்கப்படாத நிலப் பங்கு இன்னொன்று. கட்டடம் வருடத்துக்கு வருடம் பழசாகும். நிலையாக மதிப்பு நிற்பது அந்த நிலப் பங்கில்தான்.

பேரம்

தரகர் இல்லாமல் இது எங்களால் நடந்திருக்காது. விற்பவர் 65 லட்சம் சொன்னார். எங்கள் மனதில் 56. நேருக்கு நேர் உட்கார்ந்து 56 என்று நான் வாய் திறந்திருந்தால் அவர் காபி கூடக் குடிக்காமல் எழுந்துபோயிருப்பார். தரகர் எங்கள் எண்ணை அப்படியே கொண்டுபோகவில்லை. முதலில் அவர் ஏன் விற்கிறார் என்று விசாரித்தார். மகளின் படிப்புக்கு ஜூலைக்குள் பணம் கட்டவேண்டும் என்று தெரிந்தது. "ரேட்டை ரொம்ப இறக்கமாட்டாரு சார். ஆனா ரெண்டு மாசத்துல முடிச்சுக் குடுத்தா யோசிப்பாரு" என்று எங்களிடம் வந்து சொன்னார். வங்கிக் கடனுக்கு முன்பே ஒப்புதல் வாங்கி வைத்திருந்தோம். அந்தக் கடிதத்தைக் காட்டி 58 லட்சத்தில் முடித்துக் கொடுத்தார்.

இதிலேயே ஓர் எச்சரிக்கையும் இருக்கிறது. விற்பவருடைய மகள் படிப்பு விஷயம் எங்கள் காதுக்கு வந்த மாதிரி, எங்கள் விஷயமும் அவர் காதுக்குப் போயிருக்கும். தரகர் இரண்டு பக்கமும் பேச்சைக் கொண்டுபோகிறவர். அதனால் "எங்களால கடைசியா இவ்வளவு முடியும்" என்ற எண்ணைத் தரகரிடம் முதலிலேயே சொல்லிவிடாதீர்கள்.

நம் ஊரில் ஒரே தரகர் இரண்டு பக்கமும் கமிஷன் வாங்குவது சகஜம். சில வியாபாரங்களில் விற்பவர் பக்கம் ஒருவர், வாங்குபவர் பக்கம் ஒருவர், நடுவில் இன்னும் இரண்டு பேர் என்று சங்கிலியாக இருப்பார்கள். "டைரக்ட் பார்ட்டியா?" என்று தரகர்களே போனில் கேட்டுக்கொள்வது இதனால்தான். தப்பில்லை. ஆனால் "நீங்க ஓனர்கிட்ட நேரா பேசுறீங்களா, வேற யாரும் நடுவுல இருக்காங்களா, அவங்ககிட்டயும் கமிஷன் வாங்குறீங்களா?" என்று முதல் சந்திப்பிலேயே கேட்டுவிடுங்கள். நல்ல தரகர் கோபப்படமாட்டார்.

ஒப்புக்கொள்ளக்கூடாத வழக்கம் ஒன்று உண்டு. "உங்களுக்கு அம்பது கையில வந்தாப் போதும்ல? மேல வர்றதை நான் பார்த்துக்கிறேன்" என்று விற்பவரிடம் சொல்லிவிட்டு, வாங்குபவரிடம் 56 என்று முடிப்பது. விற்பவரும் வாங்குபவரும் நேரில் சந்திக்காதபடி அந்தத் தரகர் பார்த்துக்கொள்வார். 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 216-ஆம் பிரிவு இதைப் பற்றிப் பேசுகிறது. நமக்காக வேலை பார்க்கும் முகவர், நமக்குத் தெரியாமல் அந்த வியாபாரத்தைத் தன் கணக்கில் நடத்தி லாபம் பார்த்தால், அந்த லாபத்தை நாம் கேட்டுப் பெறலாம். அட்வான்ஸ் கொடுக்கும் முன் விற்பவரும் வாங்குபவரும் ஒரு முறையாவது நேரில் உட்கார்ந்து விலையை வாயால் சொல்லிவிடுவதுதான் இதற்குச் சுலபமான மருந்து.

தரகரிடம் விடக்கூடாத வேலை

சொத்தின் உரிமை சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது வக்கீல் வேலை. தரகர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் இதை அவரிடம் விடாதீர்கள்.

எங்கள் ஃபிளாட்டில் பழைய வங்கிக் கடன் ஒன்று இருந்தது. "லோன் எல்லாம் முடிச்சாச்சு சார், கவலையே படாதீங்க" என்றார் தரகர். நாங்கள் வில்லங்கம் போட்டு, வக்கீலிடம் கொடுத்தோம். அவர் பென்சிலால் இரண்டு வரிகளை வட்டம் போட்டார். பத்திரத்தை வங்கியில் அடமானம் வைத்ததாக இரண்டு பதிவுகள் இருந்தன. முதல் கடனுக்கு, கடன் தீர்ந்தது என்று காட்டும் ரசீதுப் பத்திரம் பதிவாகியிருந்தது. அதன் பிறகு வாங்கிய இரண்டாவது கடனுக்கு ரசீதே இல்லை. விசாரித்தால் அந்தக் கடன் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. தரகர் பொய் சொல்லவில்லை, விற்பவர் சொன்னதை நம்பி அப்படியே எங்களிடம் சொல்லியிருக்கிறார். அவரால் அவ்வளவுதான் முடியும். கடைசியில் அட்வான்ஸ் தொகையை விற்பவர் கையில் கொடுக்காமல் அவருடைய கடன் கணக்கிலேயே கட்டினோம். ரசீது பதிவாகி, மூலப் பத்திரம் வங்கியிலிருந்து வெளியே வந்த பிறகுதான் கிரயம் செய்தோம். அந்த மூன்று வாரமும் விற்பவரைக் கூட்டிக்கொண்டு வங்கிக்கும் சார்பதிவாளர் அலுவலகத்துக்கும் நடந்தது அதே தரகர்தான். அந்த ஓட்டத்துக்கு அவர் தனியாக ஒரு ரூபாய் கேட்கவில்லை.

வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறை இணையதளத்தில் நீங்களே பார்க்கலாம். முப்பது வருடத்துக்குப் பார்ப்பது வழக்கம். அது பதிவான விவகாரங்களை மட்டும்தான் காட்டும். எங்கள் பாட்டியின் கால் பங்கு எந்த வில்லங்கச் சான்றிலும் வந்திருக்காது.

ஓனருக்குப் பதிலாக, அவர் எழுதிக் கொடுத்த பவர் (அதிகாரப் பத்திரம்) வைத்திருப்பவர் விற்க வந்தால் கூடுதல் கவனம் வேண்டும். பவர் கொடுத்தவர் இறந்துவிட்டால் பொதுவாக அந்தப் பவரும் செல்லாது. வெறும் பவர் பத்திரத்தை எழுதி வாங்கிக்கொண்டு சொத்து நம்முடையது என்று இருக்கவும் முடியாது. பதிவு செய்த கிரயப் பத்திரம் இல்லாமல் உரிமை மாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011-லேயே தெளிவாகச் சொல்லிவிட்டது.

பதிவு வரையிலான ஓட்டம்

டோக்கன் அட்வான்ஸ், அக்ரிமெண்ட், வங்கி மதிப்பீட்டாளர் வருகை, பத்திர வரைவு, பதிவு நாள் எல்லாவற்றுக்கும் ஆட்களையும் காகிதங்களையும் ஒரே இடத்தில் சேர்ப்பது தரகர். செலவையும் முன்கூட்டியே அவரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் சாதாரணக் கிரயத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். வழிகாட்டி மதிப்பு, பத்திரத்தில் காட்டும் விலை இரண்டில் எது அதிகமோ அதன் மீது கட்டவேண்டும். 58 லட்சத்துக்கு இதுவே 5,22,000 ரூபாய். பில்டரிடம் நேரடியாக வாங்கும் புது ஃபிளாட்டுக்குக் கணக்கு வேறு. விலை 50 லட்சமோ அதற்கு மேலோ இருந்தால், வாங்குபவர் 1 சதவீதத்தை டிடிஎஸ்ஸாக (விற்பவர் சார்பில் முன்கூட்டியே பிடிக்கும் வரி) எடுத்து வருமான வரித்துறைக்குக் கட்டவேண்டும். இது விற்பவருக்குக் கொடுக்கும் தொகையிலிருந்து கழியும். அட்வான்ஸாக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கைமாறுவதை வருமான வரிச் சட்டம் 2015-லிருந்து தடுத்திருக்கிறது. "கேஷா குடுத்துடுங்க, ரசீது அப்புறம் பார்த்துக்கலாம்" என்று யார் சொன்னாலும் வங்கி வழியாகவே கொடுங்கள்.

"இன்னைக்கே டோக்கன் போடுங்க, சாயந்தரம் வேற பார்ட்டி வருது" என்ற பேச்சும் வரும். நிஜமாகவே இன்னொரு பார்ட்டி இருக்கலாம். இருந்தாலும் வக்கீல் பார்க்காமல் பெரிய தொகை கொடுக்காதீர்கள். சிறிய டோக்கன் கொடுத்தாலும், காகிதம் சரியில்லை என்றால் திருப்பித் தருவதாக ஒரு வரி எழுதி வாங்குங்கள்.

பதிவு எண் உள்ள ஏஜெண்ட்

ரெரா எனப்படும் ரியல் எஸ்டேட் சட்டம் 2016-ல் வந்தது. 500 சதுர மீட்டருக்கு மேல் நிலம் அல்லது எட்டுக்கு மேல் ஃபிளாட் உள்ள புதுத் திட்டங்கள் பொதுவாக இதில் பதிவாக வேண்டும். அப்படிப் பதிவான திட்டத்தில் மனையோ வீடோ விற்றுத் தரும் ஏஜெண்டும் ரெராவில் பதிந்திருக்க வேண்டும். பதியாமல் செய்தால் நாள் ஒன்றுக்கு 10,000 ரூபாய் அபராதம் உண்டு. பதிய வேண்டிய திட்டம் பதியாமல் இருந்தால் அதை அவர் விற்றுத் தரவே கூடாது. புக்கிங் நேரத்தில் நமக்குச் சேரவேண்டிய விவரங்களும் காகிதங்களும் கிடைக்கச் செய்வது அவர் கடமை. எண்ணைக் கேட்டு வாங்கி, தமிழ்நாடு ரெரா இணையதளத்தில் தட்டிப் பாருங்கள்.

ஆனால் நாங்கள் வாங்கியது போன்ற பழைய வீடு, கைமாறும் ஃபிளாட் என்றால் தரகருக்குப் பொதுவாக இந்தப் பதிவுக் கட்டாயம் இல்லை. அங்கே அவருடைய பேர்தான் அடையாளம். சமீபத்தில் அவர் முடித்துக் கொடுத்த இரண்டு பேரிடம் பேசிப் பாருங்கள்.

கமிஷன்

விற்பனைக்கு ஒரு பக்கத்துக்கு 1 அல்லது 2 சதவீதம் என்பதும் வாடகைக்கு ஒரு மாத வாடகை என்பதும் பரவலான வழக்கம். பேசி முடிவு செய்வதுதான். வீடு பார்க்கும் முன்பே எவ்வளவு, எப்போது, யார் யாருக்கு என்பதைப் பேசி, ஒரு வாட்ஸ்அப் செய்தியாவது அனுப்பி "சரி" என்று பதில் வாங்கிக்கொள்ளுங்கள். பதிவு நாளில் கொடுப்பதுதான் இருவருக்கும் நியாயம்.

வீட்டைப் பார்த்த பிறகு தரகரைத் தாண்டி ஓனரிடம் நேராகப் போய்ப் பேசி, கமிஷனை மிச்சம் பிடிப்பவர்களும் இருக்கிறார்கள். அது ஒருவருடைய கூலியைப் பறிப்பதுதான். எங்கள் விஷயத்தில் அந்த 58,000 ரூபாய்க்கு, ஏழு லட்சம் இறங்கிய பேரமும் மூன்று வார வங்கி அலைச்சலும் கிடைத்தன என்பதை அன்று ராத்திரி வீட்டில் கணக்குப் போட்டுக் காட்டினேன்.

பத்திரம் கைக்கு வந்ததும் வேலை முடிந்துவிடாது. வீட்டு வரி, மின் இணைப்பு இரண்டிலும் பெயர் மாற்றவேண்டும். தனி வீடு, மனை என்றால் பட்டாவும் மாறவேண்டும். இதற்கும் கூட வருவாரா என்று கமிஷன் பேசும்போதே கேட்டுவையுங்கள். எங்கள் தரகர் பதிவு முடிந்த மறுவாரமே பழைய மின் கட்டண ரசீதும் விற்பவரின் சம்மதக் கடிதமும் எடுத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றார்.